நெக்ரோனியை ரசிக்கப் பழகுவது எப்படி: கம்பாரியிலிருந்து கடைசி மடக்கு வரை

நெக்ரோனி என்ற இத்தாலியக் காக்டெய்லை முதல் தடவை வாயில் வைக்கிற பலரும் முகத்தைச் சுளிப்பார்கள். பளிச்சென்ற சிவப்பைப் பார்த்து இனிப்பான பானம் என்று நம்பி, ஒரு பெரிய மடக்காகக் குடித்துவிடுவதுதான் காரணம். நாக்கில் முதலில் ஆரஞ்சும் சர்க்கரையும் படும். நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கிற நேரத்தில் கசப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். விழுங்கிய பிறகும் போகாது. இதைப் போய் இத்தாலிக்காரர்கள் இவ்வளவு ஆசையாகக் குடிக்கிறார்களே என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

நெக்ரோனியை நெக்ரோனியிலிருந்தே தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதில் சேருவது மூன்றே மூன்று: கம்பாரி என்ற கசப்பான சிவப்பு மது, மூலிகை சேர்த்த வைனான சிவப்பு வெர்மூத், ஜின். ஒவ்வொன்றையும் முதலில் தனியாகச் சுவைக்க வேண்டும். அப்புறம் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றும் சேருவது கடைசியில். இந்தக் காக்டெய்ல் இத்தாலியில் உருவானதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான். அந்தப் பாதையிலேயே நடந்தால், உங்களைத் துரத்திய அதே கசப்பு உங்களை இழுக்கத் தொடங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெக்ரோனி வலுவான மது. ஒரு டம்ளரில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று கீழே கணக்குப் போட்டிருக்கிறேன். சட்டப்படி மது அருந்தும் வயது வந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வழிகாட்டி. கர்ப்பிணிகள், மதுவோடு சேரக் கூடாத மருந்து எடுப்பவர்கள், வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இதைத் தொட வேண்டாம். மற்றவர்களும் இங்கே சொல்லும் படிகளை இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாலை தனித்தனிச் சுவையும், கம்பாரியும் வெர்மூத்தும் சோடாவும் சேர்ந்த அமெரிக்கானோவும். நெக்ரோனி இன்னொரு நாள்.

கையில் இருக்க வேண்டியவை

மூன்று புட்டிகள், சோடா, ஒரு நல்ல ஆரஞ்சு, நிறைய ஐஸ், அடி கனமான குட்டை டம்ளர், மில்லி அளவு போட்ட சிறிய அளவுக் குவளை, நீளக் கைப்பிடி உள்ள ஒரு ஸ்பூன். ஷேக்கர் வேண்டாம். பழச்சாறோ முட்டையோ க்ரீமோ இல்லாத காக்டெய்லைக் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் சேர்ந்து கலங்கிவிடும். இதைக் கிளறத்தான் வேண்டும்.

கொஞ்சம் பச்சை ஆலிவ், உப்பு போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் இருந்தால் நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: கம்பாரியோடு தனியாக உட்காருங்கள்

இந்தப் படியைத் தாவிவிடாதீர்கள். நெக்ரோனியின் உயிரே கம்பாரியில்தான் இருக்கிறது.

காஸ்பாரே கம்பாரி என்பவர் 1860இல் வட இத்தாலியின் நொவாரா நகரத்தில் இதை உருவாக்கினார். அப்புறம் மிலானுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பேராலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விட்டோரியோ இமானுவேல் கலேரியாவில் காபிக்கடை நடத்தினார். அவர் மகன் டாவிடே 1915இல் அதே கலேரியாவில் திறந்த ‘கம்பாரினோ’ என்ற பார் இன்றைக்கும் இருக்கிறது. மிலானியர்கள் மாலையில் நின்றபடியே ஒரு கம்பாரி குடித்துவிட்டுப் போவதற்குப் பேர் போன இடம் அது.

கம்பாரியில் என்னென்ன சேர்கிறது என்பது கம்பெனி ரகசியம். மூலிகைகளையும் பழங்களையும் ஆல்கஹாலிலும் தண்ணீரிலும் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்துச் செய்கிறார்கள் என்பதற்கு மேல் வெளியே விடுவதில்லை. அந்தச் சிவப்புக்கு வெகு காலம் கொச்சினீல் என்ற சிறு பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தைத்தான் பயன்படுத்தினார்கள். 2006 வாக்கில் பெரும்பாலான நாடுகளில் அதை விட்டுச் செயற்கை நிறத்துக்கு மாறிவிட்டார்கள். ஆல்கஹால் அளவும் நாட்டுக்கு நாடு வேறு. இத்தாலியில் 25 சதவீதம், சில நாடுகளில் 20.5, சில இடங்களில் 28.5 வரைகூடப் போகும். உங்கள் புட்டியின் லேபிளைப் பாருங்கள். 28.5 சதவீதக் கம்பாரியில் செய்த நெக்ரோனிக்கும் 20.5இல் செய்ததற்கும் சுவையிலேயே வித்தியாசம் தெரியும்.

இனிச் சுவைப்போம். சிறிய கிளாஸில் 10 மில்லி ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். முதலில் முகருங்கள்: ஆரஞ்சுத் தோல், லேசாகச் செர்ரி மாதிரி ஒரு பழ வாசனை, அதற்கடியில் காய்ந்த வேரின் மணம். பிறகு அரை ஸ்பூன் அளவு மட்டும் வாயில் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் பரவவிடுங்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் இனிப்பு, கொஞ்சம் பாகுத்தன்மையோடு. அடுத்து ஆரஞ்சு. கசப்பு சற்றுத் தாமதமாகத்தான் கிளம்பும். ஆனால் கிளம்பிவிட்டால் ஏறிக்கொண்டே போகும், விழுங்கிய பின்னும் தொண்டைப் பக்கம் நிற்கும். நாக்கின் பின்பகுதிதான் கசப்பை அறியும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரியல்ல, நாக்கு முழுவதுமே கசப்பை உணரும். பின்பக்கம் வட்டமான பெரிய சுவை முகடுகள் இருப்பதால் அங்கே அழுத்தமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இனிப்பை அறிய நம்மிடம் ஒரே வகை ஏற்பிதான் இருக்கிறது. கசப்புக்கோ சுமார் 25 வகை. செடிகளில் இருக்கும் நஞ்சுகள் பெரும்பாலும் கசக்கும் என்பதால் உடம்பு அவ்வளவு காவல் வைத்திருக்கிறது. முதல் மடக்கில் முகம் சுளிப்பது அந்தக் காவல் வேலை செய்வதன் அடையாளம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது அதே 10 மில்லியில் இரண்டு ஐஸ் துண்டுகள் போட்டு, சில நிமிடம் விட்டு மறுபடி ருசியுங்கள். இனிப்பு பின்வாங்கியிருக்கும். நாக்கில் இனிப்பை மூளைக்குச் சொல்லி அனுப்பும் அமைப்பு குளிரில் மந்தமாகிவிடும்; அதனால்தான் உருகிய ஐஸ்கிரீம் தெவிட்டுகிறது. நெக்ரோனியை நன்றாகக் குளிரவைத்தே தர வேண்டும் என்பதற்கு இது பாதிக் காரணம்.

இரண்டாம் படி: வெர்மூத்

மூன்றில் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். பல வீடுகளில் திறந்த வெர்மூத் புட்டி மாதக் கணக்கில் அலமாரியில் விஸ்கிக்குப் பக்கத்தில் நிற்கும். அது தவறு. வெர்மூத் அடிப்படையில் வைன். ஐரோப்பிய விதிப்படி அதில் குறைந்தது முக்கால் பங்கு வைன் இருக்க வேண்டும். அதோடு கொஞ்சம் ஆல்கஹாலும் மூலிகைகளும் சர்க்கரையும் சேர்கின்றன. திறந்த வைன் காற்றுப்பட்டுக் கெடுவது போல இதுவும் மெல்ல மெல்லக் கெடும். மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நெக்ரோனி சப்பென்றோ புளித்தோ இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வெர்மூத்தைத்தான்.

நவீன வெர்மூத்தின் தொடக்கம் 1786, தூரின் நகரம், அந்தோனியோ பெனதெத்தோ கார்பானோ என்று இத்தாலியர்கள் சொல்வார்கள். அப்போது அடித்தளமாக இருந்தது பீட்மாண்ட் பகுதியின் மணமான மொஸ்காட்டோ வெள்ளை வைன். இன்றைக்கும் சிவப்பு வெர்மூத்தில் பெரும்பாலானவை வெள்ளை வைனில் செய்தவையே. அந்தச் செம்பழுப்பு, கருக்கிய சர்க்கரையின் நிறம். இது தெரிந்தபின் சுவைத்தால், நாக்கு அதில் திராட்சைத் தோலின் துவர்ப்பைத் தேடி ஏமாறாது.

வெர்மூத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய மூலிகை ஆர்ட்டெமிசியா இனத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் வோர்ம்வுட் எனப்படும் கசப்புச் செடி. நாம் பூச்சரத்தில் வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்து இருக்கிறதே, அதுவும் இதே ஆர்ட்டெமிசியா இனம்தான். மரிக்கொழுந்தைக் கசக்கி முகர்ந்து பழகியவர்களுக்கு நல்ல வெர்மூத்தின் வாசனைக்குள் ஒரு தூரத்துச் சொந்தம் தட்டுப்படலாம். கூடவே ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பட்டை, ஏலம், வெனிலா என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கைப்பக்குவம்.

20 மில்லி ஊற்றிக் குளிரவைத்துச் சுவையுங்கள். கம்பாரிக்கு எதிர்ப்பக்கமாக நடக்கும்: இனிப்பு நீடிக்கும், கசப்பு ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

எதை வாங்குவது? மார்ட்டினி ரோஸ்ஸோவும் சின்ஸானோவும் எளிதில் கிடைப்பவை, அடர்த்தி குறைந்தவை. அவற்றோடு சேர்த்தால் கம்பாரி முன்னால் நிற்கும். கார்பானோ அந்திகா ஃபார்முலா வெனிலா மணம் தூக்கலாக, கனமாக இருக்கும், கசப்பைப் போர்த்திவிடும். கோக்கியின் தூரின் வெர்மூத்தில் கோக்கோவும் ஆரஞ்சும் தெரியும். புன்ட் எ மெஸ் ஏற்கெனவே கசப்பு கூடியது, பழகியவர்களுக்கானது. தொடங்குகிறவர்களுக்கு நான் கோக்கியைச் சொல்வேன். கிடைக்காவிட்டால் புதிதாகத் திறந்த மார்ட்டினி ரோஸ்ஸோ போதும். பழைய அந்திகா ஃபார்முலாவைவிடப் புதிய மார்ட்டினி மேல்.

மூன்றாம் படி: ஜின்

இங்கே நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 5 மில்லி ஜினில் அதே அளவு தண்ணீர் விட்டு முகருங்கள், ஒரு சொட்டு ருசியுங்கள். ஜூனிப்பர் காயின் பைன் மர வாசனை முதலில் வரும். அடுத்து எலுமிச்சை மாதிரி ஒரு மணம்; அதில் பெரும்பங்கு நம் சமையலறைத் தனியாவினுடையது. ஜூனிப்பருக்கு அடுத்தபடியாக ஜினில் அதிகம் சேர்வது கொத்தமல்லி விதைதான்.

நெக்ரோனிக்கு ஜூனிப்பர் தூக்கலான லண்டன் ட்ரை வகை வேண்டும்: பீஃபீட்டர், டாங்கரே போன்றவை. வெள்ளரியும் ரோஜாவும் மணக்கும் மென்மையான ஜின்களுக்குக் கொடுக்கிற காசு இதில் வீண். கம்பாரிக்கு முன்னால் அவை வாய் திறக்காது. ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நான்காம் படி: இரண்டைச் சேர்ப்பது

மிலானின் கம்பாரியையும் தூரினின் வெர்மூத்தையும் சம அளவில் ஐஸ் மேல் ஊற்றினால் அதன் பெயர் மிலானோ–தொரினோ. இரண்டு ஊர்கள், இரண்டு புட்டிகள், வேறொன்றும் இல்லை. 15 மில்லிக்கு 15 மில்லி ஊற்றி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். தனியாக இருந்தபோது கம்பாரியில் கடைசிவரை தனித்து நின்ற கசப்புக்கு இப்போது கூட்டாளி கிடைத்திருக்கும். வெர்மூத்தின் மசாலா மணம் கசப்புக்கும் இனிப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியை நிரப்பிவிடும்.

அதே கிளாஸில் இப்போது சோடாவை ஊற்றுங்கள். அமெரிக்கானோ தயார். கசப்பு நுரையோடு லேசாகி, புத்துணர்ச்சியாக மாறும். நெக்ரோனி பிடிக்கவே இல்லை என்கிறவர்களுக்கு நான் கொடுக்கச் சொல்வது இதைத்தான். ஆல்கஹாலும் குறைவு, வெயில் நாளுக்கும் தோது. இங்கேயே நின்றுவிட்டாலும் குறையொன்றும் இல்லை. முதல் மாலைக்கு இத்துடன் போதும்.

ஐந்தாம் படி: நெக்ரோனி

1919 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரத்தின் தொர்னபுவோனி தெருவில் இருந்த காசோனி காபிக்கடைக்கு வழக்கமாக வரும் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தன் அமெரிக்கானோவில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கலந்து கொடுத்தவர் ஃபாஸ்கோ ஸ்கார்செல்லி. அமெரிக்கானோவிலிருந்து வேறுபடுத்திக் காட்ட, எலுமிச்சைக்குப் பதில் ஆரஞ்சுத் துண்டைப் போட்டாராம். பிரான்ஸைச் சேர்ந்த இன்னொரு நெக்ரோனி குடும்பமும் இதற்குச் சொந்தம் கொண்டாடுகிறது. யார் முதலில் கலந்திருந்தாலும், சோடா இருந்த இடத்தில் ஜின் வந்தது என்ற அந்த ஒரு மாற்றத்தை நீங்கள் நேற்றைய அமெரிக்கானோவை நினைவில் வைத்துக்கொண்டு குடித்தால் துல்லியமாக உணரலாம்.

அளவு: 30 மில்லி ஜின், 30 மில்லி கம்பாரி, 30 மில்லி சிவப்பு வெர்மூத். உலக பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவும் இதுவே.

டம்ளரை ஃப்ரீஸரில் கால் மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்து ஐஸால் நிரப்புங்கள். இரண்டே இரண்டு துண்டு போட்டால் அவை சீக்கிரம் உருகிப் பானத்தைத் தண்ணீராக்கிவிடும். ஐஸ் அதிகமாக இருந்தால்தான் உருகுவது மெதுவாகும். முடிந்தால் டம்ளருக்குள் அடங்கும் ஒரே பெரிய கட்டியாக உறையவையுங்கள். அதே எடைக்குப் பெரிய கட்டியின் வெளிப்பரப்பு குறைவு என்பதால் நிதானமாகக் கரையும். ஃப்ரீஸரில் மீனுக்குப் பக்கத்தில் நாள் கணக்கில் கிடந்த ஐஸ் மட்டும் வேண்டாம். அந்த வாடை அப்படியே இதில் இறங்கும்.

மூன்றையும் அளந்து ஊற்றுங்கள். கண் மதிப்பு வேண்டாம். கம்பாரி 10 மில்லி கூடிப்போனால்கூடச் சமநிலை போய்விடும். ஸ்பூனின் பின்பக்கம் டம்ளரின் உட்சுவரை ஒட்டியபடி, ஐஸ் கடகடவென்று மோதாமல், 20 முதல் 30 நொடி சுற்றுங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்துப் பனி படர்ந்தால் சரியான பதம்.

இந்தக் கிளறலில் உருகும் தண்ணீரும் ஒரு சேர்மானம்தான். கணக்குப் பாருங்கள்: 40 சதவீத ஜின் 30 மில்லியில் 12 மில்லி, 25 சதவீதக் கம்பாரியில் 7.5, 16 சதவீத வெர்மூத்தில் 4.8, ஆக 90 மில்லி திரவத்தில் 24.3 மில்லி தூய ஆல்கஹால். சதவீதத்தில் 27. ஐஸிலிருந்து 20, 25 மில்லி தண்ணீர் இறங்கினால் அது 21, 22க்கு வந்து நிற்கும். அந்த அளவில் ஆல்கஹாலின் எரிச்சல் அடங்கி மூலிகை வாசனைகள் மேலே வரும். 24.3 மில்லி என்பது எடையில் ஏறக்குறைய 19 கிராம்; பல நாடுகளின் அளவுப்படி ஒரு டம்ளர் நெக்ரோனி கிட்டத்தட்ட இரண்டு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’குக்குச் சமம். ஒன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கடைசியாக ஆரஞ்சு. காய்கறி சீவியால் இரண்டு விரல் அகலத்துக்குத் தோலை மட்டும் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை அதிகம் வர வேண்டாம். வெளிப்பக்கம் பானத்தைப் பார்த்திருக்கும்படி, டம்ளருக்கு ஒரு சாண் மேலே பிடித்து இரு முனைகளையும் மடக்கி அழுத்துங்கள். விளக்குக்கு எதிரே செய்தால் மெல்லிய எண்ணெய்த் தூறல் பறப்பது கண்ணுக்கே தெரியும்; பானத்தின் மேல் சின்னச் சின்ன வளையங்களாக அது மிதக்கும். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் மூக்கு சந்திப்பது அந்த எண்ணெயைத்தான். தோலை டம்ளரின் விளிம்பில் ஒரு தடவு தடவி உள்ளே போடுங்கள். அரை வட்ட ஆரஞ்சுத் துண்டைப் போடுவதே பழைய வழக்கம், அதுவும் அழகுதான். ஆனால் வாசனைக்கு என் ஓட்டு தோலுக்கே.

ஆறாம் படி: குடிக்கிற நேரம்

முதல் வாய் சிறியதாக இருக்கட்டும். ஜின்னின் காரமும் கம்பாரியின் கூர்மையும் முந்திக்கொண்டு வரும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் வெர்மூத்தின் மசாலா வெளியே வந்திருக்கும், கசப்பு முனை மழுங்கி மென்மையாகியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இந்த நடுப்பகுதிதான். இருபது நிமிடம் தாண்டினால் தண்ணீர் கூடி, ஆரஞ்சுச் சாறு கலந்த அமெரிக்கானோ மாதிரி லேசாகிவிடும். சிலர் இந்தக் கடைசி மடக்குக்காகவே காத்திருப்பார்கள்.

இடையிடையே ஒரு ஆலிவையோ ஒரு சிப்ஸையோ கடித்துவிட்டு ஒரு வாய் குடியுங்கள். கசப்பு சட்டென்று தணிந்து, ஆரஞ்சும் இனிப்பும் மேலெழும். உப்பில் இருக்கும் சோடியம், நாக்கு கசப்பை உணர்வதைக் குறைக்கிறது. பாகற்காயில் உப்புப் பிசறி வைத்துச் சமைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இத்தாலிய பார்களில் சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் அபெரிடிவோ பானத்தோடு மாலை நேரத்தில் ஆலிவும் சிப்ஸும் உப்புக்கடலையும் வருவது இப்படிப் பொருந்துவதால்தான். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்: கொஞ்ச நேரத்தில் பசி எடுக்கும். இது சாப்பாட்டுக்கு முந்தைய பானம். சாப்பாட்டோடு குடித்தால் உணவின் ருசியை இது அமுக்கிவிடும். அதனால் டம்ளர் காலியான பிறகு இலை போடுங்கள்.

பழகிய பிறகு

கசப்பு இன்னும் தூக்கலாகப் பட்டால் ஜினை 40 மில்லியாக்கி, கம்பாரியை 20க்கு இறக்குங்கள். வேடிக்கையாக இருக்கும், வலு கூடியும் குடிக்க எளிதாகிவிடும், ஆகவே எச்சரிக்கை. கம்பாரிக்குப் பதில் அபெரோல் ஊற்றச் சிலர் சொல்வார்கள். படுவா நகரில் 1919இல் பிறந்த அபெரோல் 11 சதவீத ஆல்கஹால் கொண்டது, இனிப்பு கூடியது. குடிக்க இதமான பானம் வரும், ஆனால் அதை நான் நெக்ரோனி என்று சொல்ல மாட்டேன்.

ஜினை எடுத்துவிட்டு இத்தாலிய நுரை வைனை ஊற்றினால் நெக்ரோனி ஸ்பாலியாத்தோ. மிலானின் பாஸோ பாரில் மிர்கோ ஸ்டோக்கெத்தோ ஜின் என்று நினைத்து நுரை வைன் புட்டியை எடுத்து ஊற்றியதில் பிறந்தது என்பார்கள். ஜினுக்குப் பதில் அமெரிக்க போர்பன் விஸ்கி சேர்ந்தால் புலவார்டியர். 1920களின் பாரிஸில் உருவானது, குளிர்காலத்துக்கு ஏற்றது. மது வேண்டாதவர்களுக்கு இத்தாலியர்களே சான்பிட்டர், குரோடினோ என்று ஆல்கஹால் இல்லாத கசப்பு பானங்களைச் சின்னப் புட்டிகளில் விற்கிறார்கள். அதே டம்ளர், அதே ஐஸ், அதே ஆரஞ்சுத் தோலோடு அவற்றையும் பரிமாறலாம்.

எதை மாற்றிப் பார்த்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் வெர்மூத்தை மாற்றுவது நல்லது. மூன்றில் அதன் வித்தியாசம்தான் அதிகமாகத் தெரியும். ஜினையும் கம்பாரியையும் அப்படியே வைத்து, ஒரு வாரம் கோக்கி, அடுத்த வாரம் புன்ட் எ மெஸ் என்று குடித்துப் பார்த்து, எது எப்படி இருந்தது என்று லேபிளின் மேலேயே பேனாவால் இரண்டு வார்த்தை எழுதிவையுங்கள். புட்டியைத் திறந்த தேதியையும் அங்கேயே குறித்துவிட்டால், ஃப்ரிட்ஜில் இருப்பது இன்னும் நல்ல வெர்மூத்தா, கெட்டுப்போனதா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.